ஐந்து பைப், ஒரு நாக்கு

எல்லாம் ஒண்ணுதான் சார் என்று அந்த டாக்டரம்மா சொல்லிவிட்டாள். சொன்னது சனிக்கிழமை, இன்றைக்குச் செவ்வாய், இன்னும் அது எனக்குள் இறங்கவில்லை. நாக்கில் இருப்பது புற்று என்றாள், அதைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். வியாழக்கிழமை காலையில் கோயம்புத்தூர் வந்து படுக்க வேண்டும், நாக்கில் இடது பக்கமாக மூன்றில் ஒரு பங்கை எடுக்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அடுக்கினாள், அதற்கும் தலையாட்டினேன். கால் பங்கு எடுத்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அது எங்க கையில இல்ல சார், எவ்வளவு தூரம் போயிருக்கோ அவ்வளவு என்றாள். கம்பெனி ரேட்டு சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது என்று சொல்லும் கடைக்காரன் முகம். அந்த முகத்தோடு மல்லுக்கட்டி எனக்குப் பழக்கம் உண்டு, ஆனால் அவன் மேஜைக்கு இந்தப் பக்கம் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பழக்கமில்லை. பேச்சு வருமா என்றேன். வரும் சார், முன்ன மாதிரி இருக்காது, பயிற்சி இருக்கு, பழகிக்கலாம். சரி. கடைசியாக எழுந்திருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டேன், எங்கிட்ட அஞ்சு பைப் இருக்கும்மா, அஞ்சும் அஞ்சு பொருள்ல செஞ்சது, இதுல எது இந்த வேலையப் பண்ணியிருக்கும். அதற்குத்தான் அந்தப் பதில். ஃபைலை மூடிக்கொண்டே, எல்லாம் புகைதான் சார், எல்லாம் ஒண்ணுதான். எல்லா மரமும் மரம்தான் என்று நான் சொல்லியிருந்தால் குன்னூரில் முப்பது வருஷம் பழைய சாமான் கடை நடத்தியிருப்பேனா. தேக்கையும் சில்வர் ஓக்கையும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே பிரித்துச் சொல்கிறவன் நான். பங்களா துரைமார் விட்டுப்போன அலமாரியில் எந்தக் காலை எப்போது மாற்றினான் என்று தட்டிப் பார்த்தே சொல்வேன். எங்கிட்ட வந்து எல்லாம் ஒண்ணுதானாம். படிப்பு அவ்வளவுதான். படித்தவர்களுக்கு எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

அதனால் நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். மணி பதினொன்று, வெயில் இல்லை, மஞ்சும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை வெளிச்சம். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் ஐந்தையும் வரிசையாக வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், டப்பாப் புகையிலை, தீப்பெட்டி. உள்ளே மயிலாத்தாள் மிளகாய் வறுக்கிறாள், முப்பத்தெட்டு வருஷமாக என் பொண்டாட்டி, அவளுக்கு இன்னும் தெரியாது. பல்லில் சொத்தை, பிடுங்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்க்கிறவர்கள் ஒரு கிண்ணத்தில் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார்கள், அதேபோல ஒவ்வொன்றிலும் இரண்டு இழுப்பு, வாய் கொப்பளிப்பு, அடுத்தது. எது நாக்கோரத்தில் இருக்கிற அந்தப் புண்ணைத் தொடுகிறதோ, எது தொட்டதும் புண் துள்ளுகிறதோ, அதுதான் ஆள். முதலில் களிமண். எனக்கு இதன் மேல்தான் முதல் சந்தேகம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் எழுதுமேஜை வாங்கினபோது இழுப்பறைக்குள் பழைய பேப்பரில் சுற்றிக் கிடந்தது, வெள்ளையாக, கோழி எலும்பு மாதிரி, கனமே இல்லை. அதுவரைக்கும் எனக்குப் பீடிதான். பீடியைப் பிரித்து அந்தத் தூளை இதில் கொட்டிப் பற்ற வைத்தேன், யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கு எதைத்தான் யார் சொல்லித்தந்தார்கள். களிமண் பொய் சொல்லாது. மரம் தன் வாசனையைக் கொஞ்சம் கலக்கும், மண் கலக்காது, புகையிலை எப்படியோ அப்படியே வரும், மட்டமான புகையிலை என்றால் மட்டமாகவே வரும். ஆனால் சூட்டைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. கிண்ணம் நெருப்பாகும், விரல் வைக்க முடியாது, குழலும் சூடாகும், புகை அடுப்பிலிருந்து நேராக வருகிற மாதிரி வந்து நாக்கில் விழும். முனையை எச்சிலால் நனைக்காமல் வைத்தால் உதட்டுத் தோலை ஒட்டி உரித்துவிடும். அன்றைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நீதானே. சொல்லு. பற்ற வைத்தேன். ஒன்று, இரண்டு. சுடுகிறது, நாக்கு முழுக்க ஒரே மாதிரி சுடுகிறது, புண் இருக்கிற இடம் தனியாக எதுவும் சொல்லவில்லை. கொப்பளித்துத் துப்பினேன், தண்ணீர் பட்டதும்தான் அது துள்ளியது. தண்ணீருக்கா துள்ளுவாய். தண்ணீரா உனக்கு எதிரி. சுங்கான்காரர் என்று மார்க்கெட்டில் எனக்குப் பெயர் வைத்ததே இந்த மண் குழலால்தான், அதைக் கல்லில் அடித்து உடைக்கலாம் என்று தூக்கினேன், குற்றம் தெரியாமல் உடைப்பது எப்படி என்று வைத்துவிட்டேன்.

ஈட்டிமரம் அடுத்து. இதைச் செய்துகொடுத்தவன் என் கடைக்கு நாற்காலி இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி, குப்பாச்சி, நல்ல கைக்காரன், நாக்கு மட்டும் நீளம். பைப் என்ன பெரிய பைப், ஈட்டியில கடஞ்சு தாரேன், துரை கெட்டான் போங்க என்றான். கடைந்தும் தந்தான், கண்ணாடி மாதிரி, ரேகை ரேகையாக, பார்த்தவன் எல்லாம் கேட்டான். பற்ற வைத்தால் கசப்பு. மரத்துக்குள் இருக்கிற எண்ணெய் வெந்து புகையோடு சேர்ந்து வந்து தொண்டையைப் பிடித்தது, நாக்கில் ஊசி குத்தியது. ஒரு மாசம் போனால் சரியாயிரும் என்றான் குப்பாச்சி. ஒரு வருஷம் இழுத்தேன், அவன் சொன்னதற்காக இல்லை, அழகாக இருந்ததற்காக, பேரம் பேசுகிற இடத்தில் கையில் அது இருந்தால் எதிரில் இருக்கிறவன் கண் அதன் மேல் போகும், பேச்சில் கோட்டை விடுவான். அந்த ஒரு வருஷம்தான் விதை போட்டதோ. குப்பாச்சி இப்போது திருப்பூரில் மகனோடு இருக்கிறான், போன் போட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும், டேய் உன் மரத்தால் என் நாக்குப் போகுதுடா என்று. கேட்டால் என்ன சொல்வான், நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே, ஜன்னலுக்குத்தான் ஈட்டி, வாய்க்கு இல்லைன்னு என்பான். சொல்லவே இல்லை அவன், ஆனால் சொன்னதாகச் சொல்வான், நான் அவனோடு மல்லுக்கு நிற்க வேண்டும், எதை வைத்து நிற்பது. வியாழக்கிழமைக்குப் பிறகு எதை வைத்து நிற்பேன். கொழகொழவென்று ஒரு சத்தம் வரும், எதிரில் இருக்கிறவன் காதை முன்னால் நீட்டுவான், பாவப்பட்டு விலையைக் குறைப்பான். பாவப்பட்டுக் குறைக்கிற விலையை நான் இதுவரை வாங்கினதில்லை, வாங்கினால் அது பேரமா, பிச்சை. இரண்டு இழுப்பு. கசப்பு அப்படியே இருக்கிறது, பத்து வருஷம் அலமாரியில் கிடந்தும் கசப்புப் போகவில்லை. புண்? சும்மா இருக்கிறது. அதன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது, சொந்த வீட்டில் இருக்கிறவன் மாதிரி.

பிரையர் பைப்பைத் தூக்கினபோதே ஒரு வெட்கம் வந்தது, ஒவ்வொரு தடவையும் வரும். ஏதோ தூர தேசத்துப் புதர்ச்செடியின் வேர்முண்டில் கடைவது இது, நெருப்புக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. குன்னூரில் இருந்த கொரையா சார், எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பிரையரை என்னிடம் கொடுத்து, வித்துக் கொடு மூர்த்தி, எனக்கு இனிமே ஆகாது என்றார். திருமூர்த்தி என்று முழுசாக அவர் கூப்பிட்டதே இல்லை. நான் பார்த்தேன், உள்ளே கிண்ணம் முழுக்கக் கரி, ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு ஏறியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். பழைய சாமானை வாங்கினால் முதலில் சுரண்டு, தேய், பளபளப்பாக்கு, பிறகு விலை சொல்லு, அதுதானே எங்கள் தொழில், எல்லோரும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கத்தியால் சுரண்டி, மணல்தாள் போட்டு, புது மரம் தெரிகிற வரைக்கும் எடுத்து, பெருமையாகக் கொண்டுபோய் அவரிடமே காட்டினேன். மனுஷன் உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்தார், அதுதான் இன்னும் எரிகிறது. இருபத்திரெண்டு வருஷத்த ஒரு சாயங்காலத்துல வழிச்சுப் போட்டுட்டியே மூர்த்தி என்றார். அந்தக் கரிதான் பைப்பாம். புதுப் பிரையரை முதலில் பாதிக் கிண்ணம் பாதிக் கிண்ணமாக, அவசரப்படாமல் இழுத்து இழுத்து, மரத்துக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு கரித்தோல் வளர்க்க வேண்டும், அது வந்த பிறகுதான் புகை குளிர்ந்து வரும், அது வரைக்கும் மரம் பச்சையாகத் தீயும், வாயில் பச்சைக் கசப்பு. ஒரு நாள் இழுத்தால் இரண்டு நாள் ஓய்வு தர வேண்டும், இல்லையென்றால் ஈரம் உள்ளே தங்கிப் புளிக்கும். இத்தனையும் அவர் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார், நான் அந்தப் பைப்பை எனக்கே வைத்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது, விற்கிற முகமா அது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நானாக வளர்த்த கரி இப்போது உள்ளே இருக்கிறது, பதினோரு வருஷக் கரி. மரத்துக்கு நான் தோல் வளர்த்திருக்கிறேன், நாக்குக்கு வளர்க்கவில்லை. இழுத்தேன். குளிர்ச்சி, கொட்டை வறுத்த வாசனை, நல்லவன் இவன், இவன் மேல் சந்தேகப்பட்டதற்கே வருத்தமாக இருந்தது, அந்த வருத்தத்தின் மேல் கோபம் வந்தது. நல்லவன் என்றால் சும்மா விடுவதா. நல்லவன் செய்கிற வேலைதான் வெளியே தெரியாது.

அந்த நேரம் பார்த்துப் போன். ஹனீபா, மேட்டுப்பாளையத்தில் பழைய மரச்சாமான் எடுக்கிறவன், இருபது வருஷப் பழக்கம், பழக்கம் என்றால் இருபது வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றப் பார்க்கிற பழக்கம். அண்ணே, அந்தப் பெரிய கண்ணாடி பீரோ பத்தி முடிவு சொல்லுங்க, வண்டி அனுப்பவா வேண்டாமா என்றான். நீ சொன்னதுக்கு நான் அனுப்பறதா, விறகா வாங்கறே நீயி என்றேன். சொல்ல நினைத்தது அது. விறகில் அந்த ‘ற’ வரவில்லை, நாக்கு பக்கத்தில் சாய்ந்து எதிலோ இடித்துக்கொண்டு, பேச்சு வழுக்கியது. ஹனீபா சிரித்தான். என்னண்ணே, காலைலயே வாய் நெறைய வெத்தலையா, துப்பிட்டுப் பேசுங்க, நான் இருக்கேன். போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அண்ணே, அண்ணே, லைன்ல இருக்கீங்களா. பிறகு அவனே, சரி சரி, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் ஏத்தியே தாரேன், சாயங்காலம் பேசுவோம் என்று வைத்துவிட்டான். நான் பேசாமல் இருந்ததற்கு அவன் விலை ஏற்றியிருக்கிறான். எப்போதும் ஏற்றுவான். மற்ற நாளாக இருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பேன். இன்றைக்கு போனை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவை, ஹனீபாவை, குப்பாச்சியை, கொரையா சாரின் சிரிப்பை, சொம்பில் இருக்கிற தண்ணீரை, எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே திட்டினேன், கெட்ட வார்த்தைகள், சின்ன வயசில் மூட்டை தூக்கும்போது கற்றுக்கொண்டவை, ஒன்று விடாமல். எல்லாம் சரியாக வருகின்றனவா என்று சோதித்துப் பார்க்கிறேன் என்று பாதியில்தான் எனக்கே தெரிந்தது. சில வந்தன. சில வரவில்லை. அதில் எவை வராமல் போனால் நான் நானாக இருக்க மாட்டேன் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன், முடிக்கவில்லை.

நுரைக்கல் மிச்சம், சோளத்தக்கை மிச்சம். மக்காச்சோளத் தக்கையில் குடைந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை, அது குழந்தை, இனிப்பாக ஒரு வாசனை, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்ச நாளில் அடி தீய்ந்து ஓட்டையாகும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். அதில் இரண்டு இழுத்தேன், ஒன்றும் இல்லை, விட்டுவிட்டேன். நுரைக்கல்தான் ராஜா. கல் என்று பெயர், எடுத்தால் ரொட்டித்துண்டு கனம்கூட இல்லை, வாங்கினபோது பால் வெள்ளை. இதற்குக் கரி வளர்க்க வேண்டாம், ஓய்வு வேண்டாம், முதல் நாளே குளிர்ந்த புகை, ஏனென்றால் சூட்டையும் ஈரத்தையும் புகையின் சாற்றையும் அது தானே குடித்துக்கொள்ளும். குடித்துக் குடித்து அடியிலிருந்து நிறம் ஏறும், முதலில் வெண்ணெய், பிறகு தேன், பிறகு நல்ல பழுப்பு. பதினைந்து வருஷத்தில் இது பனங்கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது, பார்க்கிறவர்கள் எல்லாம் அழகு என்பார்கள், நானும் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்திருக்கிறேன். கல் குடித்தது இவ்வளவு என்றால் சதை எவ்வளவு குடித்திருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா. எனக்கு உள்ளே எந்த நிறம். அதைத் தூர வைத்தேன். பயமாக இருந்தது. இத்தனை நேரம் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்ததன் அடியில் இது உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது, மறுபடி எடுத்தேன், பற்ற வைத்தே தீருவது என்று வாயில் வைத்தேன், வைத்த கை அப்படியே நின்றது. அது தானாகப் போய் இடது கடைவாயில் உட்கார்ந்துகொண்டது. நான் வைக்கவில்லை, தானாக. பல்லுக்கு நடுவில் ஒரு பள்ளம், அதில் பொருந்தியது. எடுத்து முனையைப் பார்த்தேன். கருப்பு ரப்பர் முனை, மேலே ஒரு பல் தடம், கீழே ஒரு பல் தடம், ஒரே ஓரமாக. பிரையரை எடுத்தேன், அதே தடம். ஈட்டிக்குக் கொம்பில் முனை, கொம்பிலும் அதே தடம். சோளத்தக்கையில் அதே தடம். களிமண்ணில் பல் பதியாது, ஆனால் முனை அந்தப் பக்கம் மட்டும் சில்லு பெயர்ந்து தேய்ந்திருந்தது. ஐந்துக்கும் ஒரே வாய், ஒரே மூலை. யார் சொல்லிக்கொடுத்தது இதை. நானே கண்டுபிடித்தது. விற்க வந்தவன் விலையைச் சொன்னதும் பதில் சொல்லக் கூடாது. பைப்பை இடது கடைவாய்க்குத் தள்ளிக் கடித்துக்கொள்ள வேண்டும், தீக்குச்சி உரச வேண்டும், அணைய விட வேண்டும், இன்னொன்று உரச வேண்டும். மூன்றாவது குச்சிக்குள் அவனே வாயைத் திறந்து குறைப்பான். வாங்க வந்தவன் என்றால் ஏற்றுவான். பேசாமல் இருக்கிற நேரம்தான் என் சம்பாத்தியம் எல்லாம். புகை வேண்டும் என்றுகூட இல்லை, பாதி நேரம் அது அணைந்தே கிடக்கும், அணைந்த பைப்பின் கசண்டும் சாறும் முனை வழியாக இறங்கி அந்த ஓரத்திலேயே தேங்கும், முனை அந்த ஓரத்தையே உரசும், முப்பது வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை பேரம். மண்ணும் இல்லை, மரமும் இல்லை, கல்லும் இல்லை. வேண்டுமென்று வைத்தது நான். அந்த டாக்டரம்மா சொன்னது சரியாகிவிட்டது, வேறு காரணத்துக்காகச் சரியாகிவிட்டது, அதை அவளிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அது மட்டும்தான் எனக்குக் கிடைத்த லாபம்.

ஏனுங்க, இதென்ன கல்லு மேல கடை பரப்பி வெச்சிருக்கீங்க என்று மயிலாத்தாள் பின்கதவில் நின்றாள், கையில் துவைக்கிற துணி. இடங்குடுங்க, தண்ணி நிக்கறதுக்குள்ள ரெண்டு துணிய அலசிப் போடோணும். நான் நகரவில்லை. பல்லு வலிக்குதுன்னு சொல்லீட்டு அஞ்சையும் வெச்சு இழுக்கறீங்களே, உங்களுக்கென்ன கிறுக்கா என்றாள். பல்லு இல்ல புள்ள என்றேன். அவள் துணியைக் கீழே வைத்தாள். சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் இல்லை, சரக்கைக் குறை மறைக்காமல் அப்படியே காட்டுகிற மாதிரி, நோய் பெயர், ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை. அழுவாள் என்று நினைத்து அதற்கும் முன்கூட்டியே கோபப்பட்டு வைத்திருந்தேன். அவள் அழவில்லை. வந்து கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள், சோளத்தக்கையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். எவ்வளவு எடுக்கறாங்களாமா என்றாள். வாயால் சொல்லப் பிடிக்கவில்லை. நாக்கை நீட்டி, விரல் நகத்தால் கோடு போட்டுக் காட்டினேன், இங்கிருந்து இவ்வளவு. குனிந்து பார்த்தாள், புண்ணையும் பார்த்தாள், பொண்டாட்டியிடம் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள், இந்தக் குன்னூரில் என்னிடம் ஏமாந்தவன் எவனாவது பார்த்தால் சாவான் சிரித்து. அவ்வளவுதானுங்களா என்றாள். நான் கால் பங்குதான் கேட்டேன், ஒத்துக்கல என்றேன். நீங்க எதுக்கு அங்க போயிக் கொறச்சுக் கேட்டீங்க என்றாள், குரல் ஏறிவிட்டது, இத்தனை வருஷத்தில் என்னிடம் ஏறாத குரல். வேணும்னா இன்னுங் கொஞ்சஞ் சேத்தியே எடுத்துக்கட்டும். ஒண்ணும் மிச்சம் வெக்காம வழிச்சு எடுக்கச் சொல்லுங்க. ஆளு ஊட்டுக்கு வந்தாப் போதும்.

எனக்கு வந்தது கோபம். கேட்டதற்கு மேல் கொடுக்கிறேன் என்று எவளாவது சொல்வாளா, அதுவும் யாருடைய நாக்கை, என்னோடு முப்பத்தெட்டு வருஷம் இருந்தவள், கடை வாசலில் நின்று எத்தனை பேரம் பார்த்தவள். கூறுகெட்டவளே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து எது வந்தாலும் சரி என்கிற மாதிரி. பைப்பைத் தேடிக் கை போகவில்லை. வியாழக்கிழம எத்தன மணிக்குப் பஸ்ஸுங்க என்றாள். ஆறரைக்கு ஒண்ணு இருக்குது என்றேன். அதுக்கு முன்னாடி? அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு. அதுலயே போயிரலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து, கல்லைக் காலி பண்ணச் சொல்லித் துணியை எடுத்தாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.